ஓடும் குருதியும் ஒட்டும் வெள்ளணுவும்

அழல் என்றால் நெருப்பு. அச்சொல்லினின்று பிறந்ததே அழற்சி. உடம்பின் ஓரிடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோவெடுக்கும் நிலையை நம் மொழி இவ்வொரு சொல்லில் அடக்கிவிட்டது. உரோம நாட்டு நூலாசிரியர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இந்நான்கு குறிகளையும் வரிசைப்படுத்திக் கூறியுள்ளார். முள் தைத்த விரலில் நாம் கண்ணாரக் காணும் இவ்வழல், கண்ணுக்குப் புலனாகாத உள்ளுறுப்புகளிலும் மூளுவதுண்டு. இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையத்தில் அது மூண்டால் கணைய அழற்சி எனப்படும். மேல்வயிற்றில் திடீரெனத் தோன்றி முதுகுவரை ஊடுருவும் கடுநோவும், ஓயாத வாந்தியும் அதன் முதல் அடையாளங்கள்.

இந்நோயைப் பற்றி நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துத் தமிழர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. உலகெங்கும் இதற்குத் தலையாய காரணங்கள் இரண்டு. ஒன்று பித்தக்கல், மற்றொன்று மது. லின்சம், சுவா பெத்தோங், கெடிஸ், ஜெராம் பாடாங் என்று நம் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களிலே இன்றும் வாழும் தோட்டங்களின் வரலாறு ரப்பரின் வரலாறு மட்டுமன்று. கள்ளின் வரலாறும் ஆகும். ஆங்கிலேயர் ஆட்சியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் மலாயாத் தோட்டங்களுக்குள்ளேயே நடந்தன. அவற்றை எதிர்த்து 1947 ஆம் ஆண்டில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் நடத்திய போராட்டம் பலரும் அறிந்ததே. பின்னர்க் கள்ளின் இடத்தைக் கள்ளினும் பன்மடங்கு கடிய சம்சு பிடித்துக்கொண்டது. லயங்கள் கலைந்து, மக்கள் சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் போன்ற ஊர்களின் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த பின்னும் அப்பழக்கம் சில வீடுகளில் உடன் குடிபெயர்ந்தது.

மது ஈரலைக் கெடுக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். கணையத்தை அது என்ன செய்யும் என்பதைப் பெரியவர்களும் சொல்லத் தயங்குவர். அங்கே நிகழும் கேட்டில் பெரும்பங்கு, நம்மைக் காக்கப் பிறந்த வெள்ளணுக்களாலேயே விளைகிறது என்பதும், அவ்வணுக்களை அடக்கி ஆள்வது ஓடும் குருதியின் விசை என்பதும் வியப்பூட்டும் செய்திகள். அவ்விசையின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தன்னையே செரிக்கும் உறுப்பு

கணையம் ஏறத்தாழ 15 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சுரப்பி. அது நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமானச் சாற்றைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இறைச்சியையும் பருப்பையும் கரைக்கவல்ல அச்சாறு கணையத்தை மட்டும் ஏன் கரைப்பதில்லை என்ற ஐயம் எழுவது இயல்பே. சாற்றிலுள்ள டிரிப்சின் என்னும் நொதி, உறையிலிட்ட கத்திபோல் செயலற்ற வடிவிலேயே கணையத்தில் பிறக்கிறது. சிறுகுடலை அடைந்த பின்னரே உறை கழற்றப்படுகிறது.

மதுவின் நஞ்சாலோ, பித்தக்கல் வழியை அடைப்பதாலோ அவ்வுறை கணையத்திற்குள்ளேயே கழன்றுவிட்டால், உறுப்பு தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. இக்கருத்தை 1896 ஆம் ஆண்டில் ஹான்ஸ் கியாரி என்னும் நோயியல் அறிஞர் வெளியிட்டார். அது நோயின் தொடக்கத்தை விளக்கிற்று. ஆயின், சிலருக்கு ஒரு வாரத்தில் தணியும் இந்நோய் வேறு சிலருக்கு நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரையே கவர்வது ஏன் என்பதை அது விளக்கவில்லை. அதற்கு விடை காணக் குருதியோட்டத்திற்குள் இறங்கிப் பார்த்தல் வேண்டும்.

நடுவோட்டமும் கரையோட்டமும்

மழை பெய்து ஓய்ந்த பின் தோட்டத்துக் கானில் ஓடும் நீரை நோக்குக. நடுவே நீர் விரைகிறது, கரையோரத்தில் தவழ்கிறது. கரை நீரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. நீர் கரையை உராய்ந்து இழுக்கப் பார்க்கிறது. குருதி நாளத்திலும் இவ்வாறே. நாளச் சுவரை ஓடும் குருதி உராய்ந்து இழுக்கும் விசையை உராய்வு விசை என்போம். வெள்ளணுக்கள் வெளியேறும் வாயில்களாகிய நுண்சிரைகளில் இவ்விசை மிகச் சிறிது. ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்பில் சில மில்லிகிராம் எடை இழுப்பதற்கு ஒப்பானது என்னலாம். ஆயினும் ஒரு வெள்ளணுவின் அளவுக்கு அஃது ஆற்று வெள்ளமே.

குருதியின் ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம் செவ்வணுக்கள் உண்டு. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரையே. எண்ணிக்கையில் மிக்க செவ்வணுக்கள் நடுவோட்டத்தில் திரண்டு செல்ல, வெள்ளணுக்கள் கரைக்கு ஒதுக்கப்படுகின்றன. ஓட்டம் மந்தமாகுந்தோறும் இவ்வொதுக்கம் மிகுகிறது. காவலன் தெருவின் நடுவே ஓடினால் எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று அறிய முடியாது. சுவரோரம் நடந்தால் அறியலாம். வெள்ளணு கரையொதுங்குவதன் பயனும் அதுவே.

1867 ஆம் ஆண்டில் ஜூலியஸ் கோன்ஹைம் என்னும் செருமானிய அறிஞர், தவளையின் குடல் தாங்கும் மெல்லிய சவ்வை உருப்பெருக்கியின் கீழ் விரித்து, அழற்சி தோன்றுகையில் வெள்ளணுக்கள் நாளச் சுவரோரம் வரிசையாக அமர்வதையும், பின் சுவரை ஊடுருவி வெளியேறுவதையும் கண்டு எழுதினார். ஓடும் வெள்ளத்தில் அவ்வணு எவ்வாறு நிற்கிறது என்பது மட்டும் நூறாண்டுக்கும் மேலாகப் புதிராகவே இருந்தது.

இழுக்க இறுகும் பிடி

வெள்ளணு நேரே வந்து நின்றுவிடுவதில்லை, முதலில் உருளுகிறது. அழற்சி மூண்ட இடத்தில் நாளச் சுவரின் அணுக்கள் செலக்டின் என்னும் கொக்கிகளை வெளியே நீட்டுகின்றன. வெள்ளணு ஒரு கொக்கியில் மாட்டி, ஓட்டம் இழுக்க அதனின்று விடுபட்டு, அடுத்த கொக்கியில் மாட்டி, இவ்வாறு சுவர்மீது மெல்ல உருண்டு செல்கிறது. கண்ணாடிக் குழாயில் ஓட்டத்தை அமைத்து, இவ்வுருளலுக்குச் செலக்டினே காரணம் என்று 1991 ஆம் ஆண்டில் லாரன்ஸ், ஸ்பிரிங்கர் என்னும் இருவர் மெய்ப்பித்தனர்.

ஓட்டம் வலுத்தால் பிடி நழுவும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் 1996 ஆம் ஆண்டு ஆய்வொன்றில் இதற்கு மாறான உண்மை வெளிப்பட்டது. ஒருவகைச் செலக்டினைப் பற்றி உருளும் வெள்ளணுக்கள், ஓட்டம் ஒரு குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் பிடியை விட்டு விலகின. ஓட்டம் கூடியதும் மீண்டும் பற்றின. செலக்டினின் பிடி ஓரளவுவரை இழுக்க இழுக்க இறுகும் தன்மையது என்பது 2003 ஆம் ஆண்டில் தனி மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்து உறுதி செய்யப்பட்டது.

மரமேறுபவர் காலில் மாட்டும் தளையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஏறுபவரின் எடை கீழ்நோக்கி அழுத்துந்தோறும் தளை மரத்தை இறுகப் பற்றும். எடை நீங்கினால் தளர்ந்து நழுவும். வெள்ளணுவுக்கு எடையின் இடத்தில் ஓட்டத்தின் விசை நிற்கிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. ஓட்டமே இல்லாத இடத்தில் வெள்ளணுக்கள் வீணே உருண்டு திரள்வதில்லை.

உருளுகையில் சுவரிலிருந்து வரும் வேதியியல் செய்திகள் வெள்ளணுவை எழுப்புகின்றன. உடனே அது இன்டெக்ரின் என்னும் வலிய கைகளை விரித்து, சுவரிலுள்ள முளைகளைப் பற்றி ஊன்றி நிற்கிறது. பின்னர்ப் போலிக்கால்களை நீட்டி, சுவரணுக்களின் இடைவெளி வழியே நுழைந்து திசுவை அடைகிறது. உருளுதல், ஊன்றுதல், ஊடுருவுதல் என்னும் மூன்று படிகளையும் மாணவர் மனத்தில் இருத்துதல் நன்று.

ஓட்டம் இடும் ஆணை

ஓட்டம் பிடியை இறுக்குவதோடு நில்லாது. அடங்கியிருக்குமாறு ஆணையும் இடுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஷ்மிட்-ஷோன்பைன் குழுவினர் 1997 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். போலிக்காலை நீட்டிய வெள்ளணுவின்மீது மெல்லிய நீரோட்டத்தைச் செலுத்தினால், அது காலை உள்ளிழுத்து உருண்டையாகிவிடுகிறது. ஓட்டம் நின்றால் மீண்டும் காலை நீட்டுகிறது. நலமுள்ள உடம்பில் கோடானுகோடி வெள்ளணுக்கள் தந்துகிகளை அடைக்காமல் சுழன்று வருவதற்கு இவ்வடக்கம் துணைபுரிகிறது. நாளச் சுவரும் இவ்வாறே உராய்வை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது; அது நாளத்தை விரித்து, வெள்ளணு ஒட்டாதவாறு தடுக்கிறது.

அழற்சியில் இவ்வாணை செல்லுபடியாவதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குருதியில் பெருகினால், வெள்ளணு ஓட்டத்தின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை என்பதை அதே குழுவினர் கண்டனர். ஓட்டம் தடைப்பட்ட குடலில் கணைய நொதிகள் அத்தகைய தூண்டுபொருள்களை உண்டாக்குகின்றன என்பதையும் 2000 ஆம் ஆண்டில் விலங்காய்வின் வழி காட்டினர். எனவே கணையத்தின் நொதி கணையத்தை மட்டும் சுடுவதன்று. காவலரின் கட்டுப்பாட்டையும் குலைக்கவல்லது.

பழைய பகைவனின் அதே தந்திரம்

நாளச் சுவரில் ஒட்டும் வித்தை நம் தோட்டங்களுக்கு வேறொரு வழியில் அறிமுகமானது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் முதல் தலைமுறையினரைப் பெருந்தொகையாகப் பலி கொண்டது மலேரியா. அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளானில் 1901 ஆம் ஆண்டு முதல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் நீர்தேங்கும் இடங்களை வடித்து அந்நோயை அடக்கிக் காட்டிய பின், அம்முறை தோட்டங்களில் பரவிற்று. கொடிய வகை மலேரியாக் கிருமி புகுந்த செவ்வணு, மூளையின் நுண்ணிய நாளங்களில் ஓட்டத்தை எதிர்த்து ஒட்டிக்கொள்ளும். அது பற்றும் முளைகளுள் ஒன்று, வெள்ளணுவின் இன்டெக்ரின் பற்றும் அதே முளை என்பது 1989 ஆம் ஆண்டில் தெரியவந்தது. காவலனுக்கென அமைந்த படியில் கள்வனும் ஏறினான். நாளச் சுவரில் எது ஒட்டுகிறது, எது அடித்துச் செல்லப்படுகிறது என்பதில் உயிர் ஊசலாடுவது நம்மவர்க்கு இது முதன்முறையன்று.

ஓட்டம் தளர்ந்தால்

கணையத்தில் அழல் மூண்டதும் நுண்ணிய நாளங்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள் வெளியேறுகிறது. வாந்தியால் மேலும் நீர் போகிறது. நோயாளியால் ஒரு வாய் நீரும் பருக இயலாது. எஞ்சிய குருதி கெட்டியாகிறது. செவ்வணுக்களின் விகிதம் ஏறுவதைக் கண்டு மருத்துவர் எச்சரிக்கை அடைவது இதனாலேயே. கெட்டியான குருதி மெல்ல ஓடுகிறது. மெல்ல ஓடுவதால் வெள்ளணுக்கள் இன்னும் மிகுதியாகக் கரையொதுங்குகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உருளுவதற்கே ஓட்டம் வேண்டுமென்றால், ஓட்டம் தளர்ந்தால் வெள்ளணு ஒட்டாதிருக்க வேண்டுமன்றோ? உருளும் படிக்கே அவ்விதி பொருந்தும். ஏற்கெனவே கிளர்ந்தெழுந்து இன்டெக்ரின் கைகளால் ஊன்றி நிற்கும் அணுவைப் பெயர்த்தெடுக்க வலிய ஓட்டம் வேண்டும். தளர்ந்த ஓட்டத்தால் அஃது இயலாது. மேலும், கிளர்ந்த வெள்ளணு விறைத்துப் போகிறது. தன்னினும் குறுகிய தந்துகியில் நெளிந்து நுழையும் ஆற்றலை இழந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. நுரையீரல் குறுகிய தந்துகிகளால் ஆன காடு. வயிற்றில் தொடங்கிய நோய் மூச்சுத்திணறலாக வெளிப்படுவதற்கு இது முக்கியமான காரணம்.

விடியலில் ரப்பர் மரத்தைச் சீவினால் பால் விரைந்து ஒழுகி மங்கில் நிறையும். பொழுது ஏற ஏற ஒழுக்குத் தளரும். பிறகு வெட்டுவாயில் பால் உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். மரத்துக்கு அவ்வடைப்பு காயத்தை மூடும் மருந்து. கணையத்தின் நுண்ணிய நாளங்களுக்கோ அது சாவு. குருதி எட்டாத பகுதி அழுகுகிறது.

திசுவுக்குள் புகுந்த வெள்ளணுக்கள் அங்கே செய்யும் வேலையும் சிறிதன்று. எலிகளின் வெள்ளணுக்களைக் குறைத்து அழற்சியை உண்டாக்கியபோது, கணையத்திற்குள் டிரிப்சின் உறை கழல்வதே குறைந்தது என்று 2002 ஆம் ஆண்டில் கண்டனர். நொதி வெள்ளணுவை அழைக்கிறது; வெள்ளணு மேலும் நொதியை எழுப்புகிறது. வெள்ளணுக்கள் தம் கருப்பொருளையே வலையாக வீசுவதும், அவ்வலை கணையச் சாறு செல்லும் குழாய்களை அடைப்பதும் 2016 ஆம் ஆண்டு ஆய்வில் தெரிந்தது. விசையை உணரும் தன்மை கணைய அணுக்களுக்கும் உண்டு. அழுத்தத்தை உணரும் பியெசோ என்னும் புரதத்தைக் கண்டறிந்த பட்டபூட்டியன் 2021 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்புரதம் கணைய அணுக்களிலும் இருந்து, அழுத்தம் மிகும்போது அழற்சியைத் தூண்டுகிறது என்று 2018 ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தார் விலங்குகளில் காட்டினர்.

மிகினும் குறையினும்

இவ்வளவும் அறிந்த பின், வெள்ளணுவைத் தடுக்கும் மருந்து ஒன்று கொடுத்தால் போதாதோ என்று தோன்றும். வெள்ளணுவைக் கிளப்பும் செய்திகளுள் ஒன்றைத் தடுக்கும் லெக்சிபஃபான்ட் என்னும் மருந்தை 290 நோயாளிகளிடம் ஆய்ந்து 2001 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உறுப்புகள் செயலிழப்பதை அது தடுக்கவில்லை. நோயாளி மருத்துவமனையை அடையுமுன்னரே அழல் பரவத் தொடங்கிவிடுகிறது. ஒரு வாயிலை அடைத்தால் வேறு வாயில்கள் திறந்தே இருக்கின்றன.

எஞ்சும் மருத்துவத்தில் முதன்மையானது ஓட்டத்தை மீட்பது. நரம்பு வழியே உப்புநீர் ஏற்றி, கெட்டியான குருதியை நெகிழ்த்துவது. நெடுங்காலம் மருத்துவர்கள் நீரை வெள்ளமாக ஏற்றுவதே நலம் என்று கருதினர். இந்தியா, இத்தாலி, மெக்சிகோ, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 249 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022 ஆம் ஆண்டில் அக்கருத்தைத் திருத்திற்று. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 3 மில்லிலிட்டர் வீதம் மிகுதியாக ஏற்றியவர்களில் 20.5 விழுக்காட்டினர் உடம்பில் நீர் மிகுந்து துன்புற்றனர், 1.5 மில்லிலிட்டர் வீதம் அளவாக ஏற்றியவர்களில் 6.3 விழுக்காட்டினரே அவ்வாறு துன்புற்றனர். மிகுதியாக ஏற்றியதால் நோயின் கடுமை குறையவும் இல்லை. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அவ்வளவைக் கணக்கிட்டுக் கண்காணிக்க மருத்துவமனையால்தான் முடியும்.

ஆதலின் சிரம்பானின் துவாங்கு ஜஃபார் மருத்துவமனையோ, கோலாப்பிலா, ஜெம்போல், போர்ட்டிக்சன் மருத்துவமனைகளோ, அருகிலிருப்பது எதுவாயினும் அங்கே முதல் சில மணி நேரத்திற்குள் சென்று சேர்தல் வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று எண்ணெய் தேய்த்தும், "குடித்ததால் வந்தது, தெளிந்தால் போகும்" என்று வெட்கப்பட்டு மறைத்தும் ஓர் இரவைக் கழிப்பது, தளர்ந்த ஓட்டத்தில் வெள்ளணுக்கள் ஊன்றிக்கொள்ள இடங்கொடுப்பதாகும். பத்துப் பேரில் ஏறத்தாழ எண்மருக்கு இந்நோய் எளிதில் தணியும். அவ்வெண்மரில் ஒருவரா அல்லரா என்பதை வீட்டிலிருந்து எவராலும் சொல்ல இயலாது.

குடிப்பவர்க்கே இந்நோய் வரும் என்று கருதுதல் தவறு. பித்தக்கல் உள்ள தாய்மார்க்கும், குருதிக் கொழுப்பு மிக மிகுந்தவர்க்கும் வரும். மிகுதியாகக் குடிப்பவர் எல்லார்க்கும் வந்துவிடுவதும் இல்லை. எனவே நோயாளியின் நோவைக் கண்டதும் பழி சொல்லத் தொடங்குதல் அறமும் அன்று, அறிவும் அன்று.

சொல்லும் ஒரு மருந்து

ஆயினும் மதுவால் ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வராமல் தடுப்பது மருந்தினும் சொல்லால் கூடும் என்பதற்குச் சான்று உண்டு. பின்லாந்து நாட்டின் தம்பெரே நகரில், மதுவால் முதன்முறை கணைய அழற்சியுற்ற 120 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். அனைவர்க்கும் மருத்துவமனையில் ஒருமுறை அறிவுரை கூறப்பட்டது. ஒரு பிரிவினரை மட்டும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அழைத்து மீண்டும் உரையாடினர். 2009 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுகளில் ஒருமுறை மட்டும் அறிவுரை பெற்றவர்களில் 21 விழுக்காட்டினர்க்கு நோய் திரும்பிற்று. தொடர்ந்து உரையாடப்பட்டவர்களில் 8 விழுக்காட்டினர்க்கே திரும்பிற்று. வசை இல்லை, தண்டனை இல்லை. ஆறு மாதத்திற்கு ஒரு முறை அமர்ந்து பேசும் பேச்சு. அவ்வளவே.

இப்பணிக்கு நம் சமூகத்தில் தமிழாசிரியரை ஒத்த தகுதியாளர் வேறு யார்? தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியில், தந்தையின் முகத்தைப் பிள்ளையின் முகத்தில் கண்டறிபவர் அவர். உருளுதல், ஊன்றுதல், ஊடுருவுதல் என்ற மூன்று படிகளையும், ஓட்டம் தளர்ந்தால் காவலனே பகைவனாகும் விந்தையையும் அறிவியல் வகுப்பில் ஒரு பாடவேளை சொல்லலாம். பெற்றோர் சந்திப்பு நாளில், மேல்வயிற்று நோவும் வாந்தியும் கண்டால் காத்திருக்க வேண்டா என்ற ஒரு வரியைச் சொல்லலாம். கேட்ட பிள்ளை அன்றிரவே வீட்டில் அதைச் சொல்லும்.

குருதியோட்டம் ஓர் இடத்தில் நின்றுவிடாமல் காப்பது மருத்துவர் கடன். அறிவோட்டம் ஏட்டிலேயே நின்றுவிடாமல் காப்பது நம் அனைவரின் கடன்.